மொட்டை மாடியிலிருந்து விழுந்த முறுக்கு

மகள் புனேயில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பெட்டி நிறைய முறுக்கு சுட்டுக் கூரியரில் அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, முறுக்கு மாவு அனுப்பியிருக்கியே, இங்க அச்சு இல்லையே, எப்படிப் பிழியறது?"

"மாவு எங்கடி அனுப்பினேன்? முறுக்குல்ல அனுப்பினேன்!"

அவள் கேமராவைத் திருப்பிப் பெட்டிக்குள் காட்டினாள். முறுக்கு என்று சொல்லும்படி உள்ளே எதுவும் இல்லை. எள்ளும் சீரகமும் மட்டும் முழுசாக இருந்தன.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தயிரில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டு முடித்துவிட்டாள். என் வருத்தமும் மறுநாள் இட்லிக்கு ஊறப்போடும்போது காணாமல் போய்விட்டது. என் கணவருக்குத்தான் ஆறவில்லை. அவர் பாய்லர் செய்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பார்த்து அனுப்பிய இரும்புக் குழாய்கள் லாரியில் எங்கெங்கோ போயிருக்கின்றன. ஒன்றில்கூடக் கீறல் விழுந்ததில்லையாம். அப்படிப்பட்டவர் தன் கையால் டேப் ஒட்டிய பெட்டியில் இப்படி நடந்துவிட்டது.

"முறுக்கு மேல தப்பு இல்லை. இது பேக்கிங் ஃபெயிலியர்," என்றார்.

"போனாப் போகுதுங்க. ருசி நல்லா இருந்ததுன்னு சொன்னாளே."

"ருசி உன் டிபார்ட்மென்ட். உருவம் என் டிபார்ட்மென்ட்."

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், மேலே மொட்டை மாடியோடு மூன்றடுக்கு ஃபிளாட். அடுத்த வாரம் அவர் என்னை இன்னொரு ஈடு முறுக்கு சுடச் சொன்னார். மகளுக்குத்தான் என்று நினைத்துச் சுட்டேன். அதைப் பெட்டியில் அடுக்கி, நாலு பக்கமும் செய்தித்தாள் திணித்து, டேப் ஒட்டி, மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். என்னைக் கீழே போய் நிற்கச் சொன்னார். கைப்பிடிச் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"கீழ யாரும் இல்லையே?"

"யாரும் இல்லை. எதுக்குக் கேக்குறீங்க?"

பதில் வரவில்லை, பெட்டிதான் வந்தது. என் கண்ணெதிரே நான் சுட்ட முறுக்கு தொப்பென்று தரையில் விழுந்தது. அவர் படியிறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, உடைந்ததை ஒரு தட்டிலும் உடையாததை ஒரு தட்டிலும் பிரித்துப் போட்டார். உடையாத தட்டுக்கு வேலையே இல்லை.

அதோடு விட்டாரா? இல்லை. தினம் நான் சுட, அவர் போட. தேங்காய் நாரில் வைத்துப் பார்த்தார். பழைய தலையணையைக் கிழித்துப் பஞ்சில் வைத்துப் பார்த்தார். அன்று முறுக்கு அதிகம் உடையவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தாடி முளைத்திருந்தது. நான் சாப்பிட மாட்டேன் என்றதற்கு, "ஊதிட்டு சாப்பிடு," என்றார்.

ஒருநாள் அவர் "கீழ யாரும் இல்லையே?" என்று கேட்டபோது நான் இல்லை என்றுதான் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் தரைத்தள வீட்டு மாமி கோயிலிலிருந்து திரும்பி, கையில் துளசியோடு கேட்டுக்குள் நுழைந்தார். பெட்டி அவருக்கு நாலடி முன்னால் வந்து விழுந்து, வாய் பிளந்து, இரண்டு முறுக்கு உருண்டு அவர் காலடிக்குப் போயின.

"ரங்கா! ஆகாசத்துலேர்ந்து என்ன இது!" என்று மாமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமி, மன்னிச்சுக்கோங்க. முறுக்குதான். இவர் டெஸ்ட் பண்றார்."

மாமி ஒரு கண்ணைத் திறந்து முறுக்கைப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் திறந்து மாடியைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெங்காயம் பூண்டு ஒண்ணும் சேர்க்கலையே?"

"இல்லை மாமி."

"பெட்டிக்குள்ள இருக்கறதுல ரெண்டு குடு, பாப்போம்."

மறுநாளிலிருந்து மாமி அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு எவர்சில்வர் டப்பாவோடு கீழே வந்து நிற்க ஆரம்பித்தார். இரண்டாம் தளத்துக்காரர்கள் காப்பி டம்ளரோடு வந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியார் நாற்காலியே கொண்டுவந்தார். பெட்டி விழுந்ததும் எல்லோரும் கிட்டே வந்து குனிந்து பார்ப்பார்கள். நிறைய உடைந்திருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம், இவருக்கு முகம் வாடிப்போகும். பெட்டிக்கு மூலையில் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், "நன்னா உடையறதே, அதை ஏன் மாத்தணும்?" என்பார் மாமி.

வழி கிடைத்தது ஆயுத பூஜைக்குப் பிறகு. வீட்டில் ஒரு மூட்டைப் பொரி மிச்சம். நமுத்துப்போவதற்குள் யார் தலையிலாவது கட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த மூட்டையை அமுக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி அமுக்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம். பெட்டிக்கு அடியில் பொரி, அதன்மேல் முறுக்கு, மேலே பொரி, இடுக்கெல்லாம் பொரி. மாடியிலிருந்து போட்டார். பிரித்தார். பொரியைத் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு முறுக்கும் உடையவில்லை. கீழே நின்றவர்கள் ஏமாற்றத்தில் கைதட்டக்கூட மறந்துவிட்டார்கள். மாமி காலி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தீபாவளிக்கு முறுக்கும் சீடையும் செய்து, பொரியில் புதைத்து, பெட்டியைக் கட்டினோம். அவருக்குப் பழக்கமான கூரியர் கடை மன்னார்புரத்தில். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்தில் நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பின்னால் பஸ்காரர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"ஏங்க, மாடியிலேருந்து போட்டதையே தாங்குச்சு. கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"அது டெஸ்ட் பீஸ். இது ஒரிஜினல்," என்றார் திரும்பிப் பார்க்காமல்.

கடையில் நல்ல கூட்டம். கவுன்டரில் இருந்த அம்மா பெட்டியை எடை போட்டுவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை எங்களிடமும் கேட்டார்.

"உள்ள என்னங்க இருக்கு?"

"முறுக்கு, சீடை," என்றார் இவர்.

"வெடிக்கிற பொருள், தீப்பிடிக்கிற பொருள் எதுவும் இல்லையே?"

என் கணவர் வாழ்நாளில் ஒரு பரிசோதனையிலும் பொய் சொன்னதில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"சீடை வெடிக்கும்ங்க."

அந்த அம்மாவின் பேனா நின்றது. எங்களுக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி பின்வாங்கினார். தீபாவளி நேரம் வேறு. நான் பாய்ந்து முன்னால் வந்தேன்.

"எண்ணெய்ல போடும்போதுங்க! மாவைச் சரியாச் சலிக்கலைன்னா வெடிக்கும். இது பொரிச்சு ஆறினதுங்க!"

"அப்போ இனிமே வெடிக்காதே?"

"வெடிக்காதுங்க."

அந்த அம்மா பெட்டியை நகர்த்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் போன கோகுலாஷ்டமிக்கு வெடிச்சுதுங்க. சமையல்கட்டு சுவரெல்லாம் எண்ணெய். என்ன பண்ணா வெடிக்காது?"

நான் பதில் சொல்வதற்குள் வரிசை சொல்ல ஆரம்பித்துவிட்டது. உருட்டித் துணியில் உலர்த்தணும் என்றார் ஒருவர். ஊசியால் குத்தணும் என்றார் பின்வாங்கினவர், இப்போது முன்னால் வந்து. அழுத்தி உருட்டக்கூடாது, அதுதான் காரணம் என்றார் மூன்றாமவர். கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா வெடிக்குது அங்க?" என்று கத்தினார். ஒருவழியாகப் பெட்டிக்கு ரசீது கிடைத்தது.

நாலு நாளில் மகள் பேசினாள். இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"எப்படி வந்துச்சு? முழுசா?"

"நல்லா வந்துச்சுப்பா. ஆனா பொரி எதுக்குப்பா இவ்வளவு? தின்னுத் தின்னு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. முக்கால் பெட்டியைக் கீழ் வீட்டுக் காக்குகிட்டக் குடுத்துட்டேன்."

காக்கு என்றால் அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்கார மராட்டி அம்மா.

"முறுக்கு?"

"எந்த முறுக்கு?"

இவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். நான்தான் விளக்கினேன். மகள் கீழே ஓடினாள். திரும்பி வந்து சொன்னாள், காக்கு வீட்டில் பொரி அப்படியே இருக்கிறதாம், முறுக்கும் சீடையும்தான் இல்லையாம். கடைசி முறுக்கு காக்குவின் வாயில் இருந்ததாம்.

"உடையாம இருந்துச்சான்னு கேளு," என்றார் சோபாவிலிருந்து.

ஒன்றுகூட உடையவில்லை என்று பதில் வந்தது. அன்று இவர் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு காக்கு என்னை வீடியோவில் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு மராட்டி தெரியாது, இந்தி அதைவிடத் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் வாணலியைக் காட்டுவார், நான் அச்சைக் காட்டுவேன். ஒருநாள் அவர் பிழிந்த முறுக்கைக் காட்டினார். இவருடைய பழைய ஸ்கூட்டரின் ஸ்பிரிங் மாதிரி இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி, பிரமாதம் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஹோ" என்றால் "ஆமாம்" என்று மகள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நான் மாதக்கணக்கில் ஓட்டினேன். அவர் நிறையப் பேசுவார், நான் ஹோ, ஹோ என்பேன். கேட்கிறவர்களுக்கு நான் நன்றாக மராட்டி பேசுவதுபோல் இருக்கும்.

போன வாரம் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, விநாயகர் சதுர்த்திக்கு வரேன்னு காக்குகிட்ட ஒத்துக்கிட்டியாமே. டிக்கெட் போட்டுட்டேன். அப்பாவுக்கும் சேர்த்து."

"நான் எப்போ ஒத்துக்கிட்டேன்?"

"அவங்க கேட்டாங்களாம், நீ ஹோன்னியாம். மோதகம் அவங்க செய்வாங்களாம். நீ முறுக்கு மட்டும் சுட்டாப் போதும்."

"சரி, அது ஒரு வேலையா? சுட்டுட்டாப் போச்சு."

"தெரு முழுக்கக் குடுக்கணுமாம்."

"தெரு முழுக்கவா?"

"அதுக்கும் நீ ஹோன்னு சொன்னியாம்மா."

தெரு எவ்வளவு நீளம் என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.