பெருமாள் ஏறி உட்கார்ந்த பலகைப்பெட்டி

அமெரிக்காவிலிருந்து ஃபோன் செய்த மகள், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் நேராக என் முழங்காலை விசாரித்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அவளுக்கு அது ஆறாம் மாதம். பிரசவத்துக்கு நானும் என் மனைவியும் போயாக வேண்டும். அதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். மீதிப் பாதி பெங்களூரில் இருந்தது.

"நைனா, எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்டு கெடையாது. நீ சேர்லேருந்து எழுந்துக்க சொல்லவே அம்மாவக் கூப்புடற. இங்க வந்து யாரக் கூப்புடுவ?"

அதற்கு அவள் சொன்ன மருந்துதான் ஸ்குவாட் பாக்ஸ். முழங்கால் உயரத்துக்கு, என் எடையைத் தாங்குகிற மாதிரி ஒரு மரப்பெட்டி. அதன்மேல் மெல்ல உட்கார வேண்டும். கையை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். பழகிய பிறகு நெஞ்சோடு ஓர் அரிசிப் பையை அணைத்துக்கொண்டு அதையே செய்ய வேண்டும். பெட்டி எதற்கு, பிளாஸ்டிக் நாற்காலி போதாதா என்று நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். நாற்காலி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் படுத்துவிட்டது.

ஆகவே திருப்பதியில் எங்கள் வீட்டிலிருந்து ரேணிகுண்டா ரோட்டு மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய பலகைகளைக் காட்டினார். என் அளவுக்கு அறுத்து, கோணியில் சுற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், இது உங்களுக்கு மட்டும். எவருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

எனக்குக் குறைத்துக் கொடுத்த விலையைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, நானே ஆணியடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவரைக்கும் அப்படித்தான் நினைத்தேன். தேய்க்கத் தேய்க்கப் பலகை சிவந்தது. தூள் சிவப்பாக உதிர்ந்தது. வேர்வையில் அது ஒட்டி, என் வெள்ளை பனியன் கொலை செய்தவன் பனியன் மாதிரி ஆயிற்று.

செம்மரம்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் நல்ல கட்டை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பான். திருப்பதியில் இருப்பவன் முதலில் வாசல் கதவைச் சாத்துவான். மலைக்காட்டிலிருந்து அதை வெட்டிக் கடத்துகிறவர்களைத் தேடி ரோட்டுக்கு ரோடு செக்போஸ்ட் போட்டிருந்த காலம் அது. பிடிபட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். நானோ நகரிப் பக்கத்துத் தமிழன். பஸ்ஸில் நான் வாயைத் திறந்தால் முன்சீட்டுக்காரர் திரும்பி, முதலில் என் முகத்தையும் பிறகு என் பையையும் பார்ப்பார். என் பையில் தயிர்சாதம் இருப்பதை அவருக்குக் காட்டிவிடலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

கடைக்காரர் ஏன் குரலைத் தாழ்த்தினார்? பலகையை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் ஏன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்? எதிர்வீட்டு அம்மா ஏன் இரண்டு முறை துணி உலர்த்த வந்தார்? இப்படி நான் மனசுக்குள் ஒரு கடத்தல் கூட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வந்தது. பாஸ்போர்ட் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் காலையில் வருவார். அவர் ஒரு வரி தப்பாக எழுதினால் பாஸ்போர்ட் இல்லை. மகள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாங்கள் இங்கே ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பெட்டியை ஒளிக்க வீட்டில் இடமில்லை. ஆனால் விடிந்தால் புரட்டாசிச் சனிக்கிழமை. பெட்டியைக் கூடத்தில் கிழக்குப் பார்த்து வைத்து, சரிகை வேட்டியால் நாலு பக்கமும் மூடி, மேலே பெருமாள் படத்தை ஏற்றி மாலை போட்டேன். எந்தப் போலீஸ்காரர் பெருமாளை நகர்த்துவார்? மிச்சம் விழுந்த கட்டைத் துண்டுகளை அரிசி ட்ரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

காலையில் குளித்துவிட்டு வந்த மனைவி கூடத்தைப் பார்த்து நின்றாள். "இன்னா, என்னிக்கும் இல்லாத பக்தி? இன்னா பண்ணி வெச்ச?"

"பொண்ணு பிரசவம் நல்லபடியா ஆவணும் இல்ல" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் கோலம் போட்டாள்.

கான்ஸ்டபிள் நெற்றியில் நாமத்தோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டார், படத்துக்கு முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தார். பரவாயில்லை, நல்ல மனிதர் என்று நான் மூச்சு விடும்போது, "இப்ப ஸ்டேஷன்ல வேல லேசு சார். முன்னாடி மூணு வருசம் செக்போஸ்ட்ல போட்டுட்டாங்க. எர்ர சந்தனம் பிடிக்கிற டூட்டி" என்றார்.

தெலுங்கில் எர்ர சந்தனம் என்றால் செம்மரம்தான். அவர் என் பெயரைக் கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன்.

அப்போது வாசலில் "கோவிந்தா" என்று குரல் கேட்டது. எதிர்வீட்டு அம்மா, நாமம் போட்ட செம்போடு நின்றார். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அது வழக்கம். சொந்த அரிசி எவ்வளவு இருந்தாலும் புரட்டாசிச் சனிக்கிழமை நாலு வீட்டில் கோவிந்தா சொல்லி வாங்கின அரிசியைச் சேர்த்துத்தான் பெருமாளுக்குப் பொங்குவார்கள். செம்போடு வந்தவரைக் காக்கவைக்கக் கூடாது. தடுப்பதற்குள் என் மனைவி ட்ரம்மைத் திறந்துவிட்டாள்.

அரிசி போட்டு அனுப்பியவள், சிவந்த கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, சோறு துன்ற அரிசியில எவனாவது கட்டைய பொதைப்பானா?"

கான்ஸ்டபிள் பேனாவை மூடினார். கட்டையை வாங்கினார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நானாகவே மரக்கடை, கோணி, ஆட்டோ, பெருமாளுக்குக் கீழே இருப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில், "எனக்குக் கோடாரி பிடிக்கவே தெரியாது சார்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பெருமாளக் கொஞ்சம் நகத்துறீங்களா?" என்றார்.

"கற்பூரம் காட்டற வரிக்கும் அவரு நவுர மாட்டாரு" என்றாள் என் மனைவி. "அதான் கையில துண்டு இருக்குதே. இத பாருங்க."

அவர் எழுந்துபோய்க் கொல்லையில் இருந்த தண்ணீர் வாளியில் கட்டையைப் போட்டார். செம்மரம் கல் மாதிரி முழுகும் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். கட்டை ஒரு குட்டிக்கரணம் போட்டு, மேலே வந்து, சுகமாக மிதந்தது. அவர் விரலால் அழுத்தினார். மறுபடி மேலே வந்தது.

"வேங்கையோ வேலமோ சார். எர்ர சந்தனம் இல்ல" என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. "அப்பறம் ஏன் ஒளிச்சு வெச்சீங்க? அந்தப் பெட்டி நிஜமா எதுக்கு?"

உண்மையைச் சொன்னேன். உட்கார்ந்து எழுந்திருக்க என்றேன். அதுதான் அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு, பெருமாளுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்து காட்டினேன். மூன்றாவது தடவை கீழேயே நின்றுவிட்டேன். கான்ஸ்டபிள்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"இவரு காட்டுக்குப் போயி மரம் வெட்டுவாரா?" என்றாள் என் மனைவி.

அவர் என் முழங்காலை ஒருமுறை பார்த்தார். பேனாவைத் திறந்து, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு அவள் கற்பூரம் ஏற்றினாள், இலை போட்டாள், புளியோதரைப் பாத்திரத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"அமெரிக்காவுல எறங்க சொல்லோ ஆபீசருங்க கேள்வி கேப்பாங்களாம். நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கறேன்."

"உனக்கு இங்கிலீஷ் வராதே."

"அதான் நல்லது."

சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் என் இலையில் சோறு விழுந்தது.