கழற்றிய இரும்புக் குறி

வனத்துறை அலுவலகத் துப்பாக்கிக்கு டெலஸ்கோப் வாங்கும் கோப்பு என் மேஜைக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இந்தத் தீவு அலுவலகத்தின் ஸ்டோர் கீப்பர். ரெயின்கோட்டும் கயிறும் டீசலுமாக வாங்கி அலுத்தவன். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் ஒரு வாரம் போனில் வேறு எதையும் பார்க்கவில்லை. நான்கு மடங்கா ஆறு மடங்கா, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எத்தனை விரல் இடைவெளி, எல்லாம் படித்தேன். வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுடாதவனுக்குத்தான் இத்தனை ஞானம் வரும்.

சுட வேண்டியவர் பெரார்கஞ்ச்காரர், எங்கள் காவலர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஊரை ஒட்டிய கிரீக்கில், அந்த உப்பங்கழியில், ஒரு முதலை இரண்டு பேரை இழுத்துப் போயிருந்தது. கூண்டு வைத்தும் சிக்கவில்லை. கடைசியில் சுட அனுமதி கேட்டு எழுதினார்கள். முதலைக்குக் கண்ணுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் இருக்கிறது. அங்கே பட்டால் அசையாது. தவறினால் தண்ணீருக்குள் போய்விடும்.

துப்பாக்கியின் மேல் பழைய இரும்புக் குறி இருந்தது. குழலின் நுனியில் ஓர் ஊசி, பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அண்ணனுக்கு அந்த ஊசி கலங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இவருக்குப் பேப்பர்ல எழுத்தே தெரியல தம்பி. இவரப் போயி அனுப்புறீங்களே," என்றார் அண்ணி.

"டெலஸ்கோப் வருது அண்ணி. அண்ணன் கண்ணுக்கு நான் கேரண்டி," என்றேன்.

அண்ணன் சிரித்தார். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். அரே தம்பி, மாட்டுறதுனா மாட்டு. லேகின் பழைய குறியக் கழட்டாத. மழையில கண்ணாடிய நம்ப முடியாது."

டெலஸ்கோப்பைத் துப்பாக்கியில் பொருத்தும் பிடி உயரமாக இருந்தால் அடியில் இரும்புக் குறியும் தெரியும். ஆனால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் படியாது என்று எங்கோ படித்திருந்தேன். தாழ்ந்த பிடி வாங்கினேன். அதற்குப் பின்குறி இடித்தது. கழற்றி ஒரு கவரில் போட்டு, மேலே பெயரெழுதி அலமாரியில் வைத்தேன். கோப்பில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

அனுமதி வர ஒரு மழைக்காலம் ஆயிற்று. இங்கே சர்டிபிகேட்டும் கேமராவும் வைத்த அலமாரியில் ஒரு பல்பை எரியவிட்டு வைப்போம், ஈரம் ஏறாமலிருக்க. அந்தப் பல்பு எப்போது ஃபியூஸ் ஆனதென்று நான் கவனிக்கவில்லை. உத்தரவு வந்த அன்று எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை, சிலந்தி வலை போல.

மெயின்லேண்டுக்கு அனுப்பினால் கப்பலில் போய்வர ஒரு மாதம் ஆகும். தீவில் யாரும் எதையும் அனுப்புவதில்லை. மிக்சியோ போனோ பைனாகுலரோ, பஜாரில் கொடுத்துத் திறந்துவிடுவோம். நானும் கேமரா மெக்கானிக்கிடம் போனேன். அவர் பெங்காலி, நேர்மையான மனிதர்.

"தாதா, இதுக்குள்ள சூக்கா கேஸ், காஞ்ச காத்து, அடைச்சு சீல் பண்ணிருக்கு. கோலேகா தோ இந்த ஊரு ஈர ஹவா உள்ள பூந்துடும்," என்றார்.

"பரவால்ல, கோலோ, தொறந்துடுங்க," என்றேன்.

பளிச்சென்று துடைத்துக் கொடுத்தார். மைதானத்தில் அண்ணன் ஐந்து தோட்டா சுட்டார், ஐந்தும் ஒரே இடத்தில். அதைத் திறந்த விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய குறியை மாட்டு என்பார், நான் தோற்றதாகிவிடும். வெட்கக்கேடு, உண்மை இதுதான்.

விடியற்காலை டுங்கிப் படகில் போனோம். படகோட்டி பின்னால் இஞ்சினருகே, அண்ணன் முன்னால், அவர் பக்கத்தில் நான். வழியில் குளிரக் குளிர மழை கொட்டி ஓய்ந்தது. வளைவு திரும்பியதும் சேற்றுக் கரையில் அது கிடந்தது. நாற்பது அடிக்குள்தான். அண்ணன் துப்பாக்கியை ஏந்தினார், இறக்கினார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி ஏந்தினார்.

"உள்ள புகை மாதிரி இருக்கு தம்பி," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

தலையைச் சாய்த்துக் குழலின் மேல் பார்த்தார். நுனியில் ஊசி மட்டும் இருந்தது, பின்குறி இல்லை. என்னைப் பார்த்தார். அதற்குள் முதலை தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டது. குத்துமதிப்பாகச் சுட்டார். தாடையில் பட்டிருக்க வேண்டும், சேறெல்லாம் ரத்தம். அது மாங்ரோவ் வேர்களுக்குள் போய் மறைந்தது.

அடிபட்டதை அப்படியே விட்டுவிட்டு வர அவர் சம்மதிக்கவில்லை. நண்டு பிடிக்க அவர் ஊர் ஜனங்கள் இறங்கும் இடம் அது. "நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினார். இரண்டாவது வெடிச் சத்தமும் அவர் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நாங்கள் போய்ப் பார்த்தபோது முதலை செத்திருந்தது. அவருடைய தொடை கிழிந்து தொங்கியது. என் லுங்கியைக் கிழித்துக் கட்டினேன். படகுத்துறைக்கு வருமுன்பே உயிர் போய்விட்டது.

நடுப்பகலில் எங்கள் மேலதிகாரி துப்பாக்கியை வாங்கி டெலஸ்கோப் வழியாகப் பார்த்தார். வெயிலில் ஈரம் காய்ந்து கண்ணாடி துல்லியமாகத் தெரிந்தது. "இது சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். "இருக்கிறது சார்," என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரார்கஞ்ச் போனேன். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. அந்தக் கண்ணாடியில நல்லாத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அண்ணி."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவரு கண்ணுதான். நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.