திருப்தியான நோயாளியின் பொறுப்பு ஒப்படைப்பு

நெமோட்டோ ஷிகெஜி அந்த மனநல மருத்துவமனையின் மூன்றாம் வார்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அவருடைய நோய் எப்போதோ சலித்துப்போய்க் கிளம்பிவிட்டது. அவரால்தான் கிளம்ப முடியவில்லை. வார்டில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள் வேலை.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாகாண அலுவலகத்திலிருந்து ஆய்வுக் குழு வரும். சொல்லாமல் வருவது மரியாதை இல்லையே. ஒரு மாதம் முன்பே கடிதம் போட்டுவிடுவார்கள். அந்த ஒரு மாதத்தில் வார்டு பூரண குணமடைந்துவிடும். ஆட்களைக் கட்டிலோடு கட்டும் பட்டைகள் சலவைக்குப் போகும். கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் முளைக்கும். புகார் சொல்வதற்கான எண் தொலைபேசிக்கு மேலே புதுத் தாளில் பளபளக்கும். தாள் கண் மட்டத்தில் இருக்கிறதா என்று அதிகாரிகள் நாடா பிடித்து அளப்பார்கள். தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர் இதுவரை யாருமில்லை.

கடைசியில், "யாராவது ஒரு நோயாளியிடம் பேசலாமா?" என்பார்கள். அந்த 'யாராவது' காலையிலேயே சவரம் செய்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நெமோட்டோதான்.

அவர் வெளியே போகலாம் என்று டாக்டர் நான்கு முறை எழுதிவிட்டார். நான்கு முறையும் தலைமைச் செவிலி ஹனாவா, "ஆய்வு முடியட்டுமே" என்றார். அதற்குள், வெளியே வருபவர்கள் தங்கும் நகரத்து விடுதியில் காலியான அறைக்கு வேறு ஆள் வந்துவிடுவார். இப்போது காலியாகியிருப்பது ஐந்தாவது அறை. அக்டோபர் முப்பத்தொன்று வரை காத்திருக்கும். ஆய்வு நவம்பர் ஐந்து. அறுபத்தொரு வயதில் ஆறாவது அறைக்குக் காத்திருக்க நெமோட்டோ ஒன்றும் பைத்தியம் இல்லை.

சோயா சாஸ் கம்பெனிக் கிடங்கில் பதினைந்து வருடம் எழுத்தராக இருந்தவர் அவர். ஒரு காலை ஹனாவாவை 'சான்' என்று மரியாதையாக விளித்துக் கேட்டார்:

"ஹனாவா சான், கம்பெனியை விட்டுப் போறவங்க என்ன செய்வாங்க?"

"அடுத்த ஆள்கிட்ட பொறுப்பை ஒப்படைப்பாங்க."

"நானும் ஒப்படைச்சுடறேன். ஆளை நானே பாத்துக்கறேன்."

ஹனாவாவால் மறுக்க முடியவில்லை. ஒப்படைக்காமல் போகிறவனை ஜப்பானில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஒழுங்காக ஒப்படைத்தவனைப் பிடித்துவைப்பதும் அதே அளவு அசிங்கம்.

ஆள் கிடைத்தான். உஷியோடா, நாற்பத்தைந்து வயது, ஆறு வருடமாக உள்ளே இருப்பவன். நெமோட்டோ அவனுக்காக ஒரு நோட்டே எழுதினார்.

"சாப்பாடு எப்படின்னு கேட்டா, உடனே நல்லா இருக்குன்னு சொல்லிடாதே. ரெண்டு விநாடி யோசி."

"நிஜத்துல நல்லா இல்லையே?"

"அதை அந்த ரெண்டு விநாடியில நெனச்சுக்கோ. அப்புறம் ஒரு குறையும் சொல்லணும். ஊறுகாய்ல உப்பு ஜாஸ்தின்னு சொல்லு. பாவம், அவங்களுக்கும் எழுத ஏதாவது வேணும்ல?"

இருபத்தெட்டாம் தேதி ஒத்திகை. ஹனாவா அதிகாரியாகக் கோப்போடு உட்கார்ந்தார். "உங்களை இங்கே எப்பவாவது கட்டிப்போட்டிருக்காங்களா?"

கோடையில் நான்கு நாள் கட்டிலோடு கிடந்த உஷியோடா ஜன்னலைப் பார்த்தான். "என் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டப்போ, தேவையான நேரம் மட்டும்."

இது நோட்டில் இல்லாத பதில். ஹனாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நெமோட்டோ சான், உங்களைவிட நல்லா சொல்றாரே!"

இத்தனை வருட அனுபவசாலிக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது.

முப்பதாம் தேதி இரண்டு காகிதப் பைகளோடு அவர் வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது உஷியோடா பக்கத்தில் வந்து நின்றான்.

"போன வாரம் டாக்டர் எனக்கும் சொல்லிட்டாரு. நானும் வெளிய போகலாமாம்."

நெமோட்டோவின் கை நின்றது. "அப்போ அஞ்சாந்தேதி கொஞ்சம் உளறி வை."

"உளறினா நோய் திரும்பிடுச்சுன்னு எழுதுவாங்க. நல்லா சொன்னா அடுத்த வருஷத்துக்கும் வேணும்னு விடமாட்டாங்க. அதுக்கு நோட்டுல ஒண்ணுமே போடலியே, நெமோட்டோ சான்?"

ஹனாவா கதவைத் திறந்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்றார். நெமோட்டோ உஷியோடாவுக்கு எதிரே குனிந்து வணங்கினார், ஒரு ஒப்படைப்புக்குத் தேவையானதைவிட மிக ஆழமாக. நிமிர்ந்தபின் அவன் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்தார்.