எல்லம்மா கனவில் நின்ற மதியம்

எல்லம்மாவுக்குத் தூக்கம் வராது என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிடுவேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிறவள் அவள். பதினோரு வருஷமாக நானும் அவளும் ஒரே ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறோம். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டுக்கு வெளியே. மர்பி டவுனில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். நாலு மாடியைத் துடைத்துவிட்டு வருகிற உடம்பு பாயைக் கண்டால் விழத்தான் செய்யும். அதில் என்ன குற்றம்? அவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன், காதில் ஏறினால்தானே.

ஏனென்றால் அவள் புருஷன் அய்யாவு செத்தது அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். இவள் காலையில் வேலைக்கு வருவாள், மதியத்திலிருந்து அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பதின்மூன்றாம் நாள் மதியம் மூன்றரை மணிக்குக் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். நர்ஸ் தோளைத் தட்டி எழுப்பியபோது மணி நாலரை, எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஏதோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சும்மா," என்று சொல்லிவைத்தார். அந்த ஆளை இன்றைக்குப் பார்த்தாலும் நறுக்கென்று நாலு கேட்பேன். ஒன்றரை வருஷமாக எல்லம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை. அவர் கூப்பிட்டாரா, இவள் எழுந்திருக்காமல் விட்டாளா?

"பதில் சொல்ல வேண்டியவரு போய்ட்டாரு, விடுடி," என்றேன்.

"கனவுல வர்றாருக்கா. கேட்டுடுறேன்."

மதியத் தூக்கத்தில்தான் வருவாராம். அதே வார்டு, அதே கட்டில், ஆனால் மனிதர் தெம்பாக எழுந்து உட்கார்ந்திருக்கிறார். 'இவர் செத்துப்போனவர் ஆச்சே, அப்போ இது கனவு' என்று கனவுக்குள்ளேயே இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததுமே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வாயைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

எல்லம்மாவின் மகள் சோனியா கால் சென்டரில் வேலை பார்க்கிறாள். அவள்தான் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். "கனவுன்னு தெரிஞ்ச உடனே ரெண்டு கையையும் பரபரன்னு தேய்க்கணும்மா. அப்போ கனவு கலையாது. இது ஒரு டெக்னிக்." அவளும் செய்து பார்த்தாளாம். அல்சூர் ஏரிக்கு மேலே ரொம்ப நேரம் பறந்தாளாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கனவு காணக்கூட வீடியோ வேண்டியிருக்கிறது.

எல்லம்மாவும் தேய்த்தாள். தேய்த்த கையில் பினாயில் வாசம் வந்ததாம். நிமிர்ந்து பார்த்தால் கட்டிலில் அய்யாவு இல்லை. எங்கள் சூப்பர்வைசர் ஹரிஷ்குமார் நின்றுகொண்டு, "ஏனம்மா, ஃபோர்த் ஃப்ளோர் ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்கிறாராம், முடிந்ததா என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாள் தேய்த்தாள், மூன்று நாளும் ஹரிஷ்குமார்தான். புருஷனைத் தேடிப் போனவளுக்கு அங்கேயுமா டியூட்டி போடுவார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையைத் தேய்ச்சா எனக்கு வேலைதான்க்கா ஞாபகம் வருது. இது வேற எதையும் நம்பாது," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீடுகளில் ஏதாவது காணாமல் போனால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வோம். பொருள் கிடைக்கிறவரை அவிழ்க்க மாட்டோம். அவள் அம்மாவுக்குத் தொலைந்த மூக்குத்தி அப்படித்தான் அரிசி டப்பாவிலிருந்து கிடைத்ததாம். எல்லம்மா படுக்கும்முன் முடிச்சைப் போட்டாள், கனவில் தடவித் தேடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கனவு கலையாமல் நின்றுவிட்டது! ஜன்னல், சலைன் பாட்டில், அய்யாவு, எல்லாம் அப்படியே இருந்ததாம். அன்றைக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வந்துவிட்டாள்.

சோனியாவும் விடுவாளா, துப்பட்டாவில் முடிச்சுப் போட்டுப் படுத்தாள். அவள் கனவு பொசுக்கென்று கலைந்துபோனது. "எதை நம்புறோமோ அதுதான் வேலை செய்யும்னு அந்த வீடியோக்காரரே சொன்னாரும்மா," என்று உதட்டைப் பிதுக்கினாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது எல்லம்மாவுக்கு எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் அவள் தூங்கவில்லை.

"அக்கா, நான் நம்புறதாலதான் அவரு நிக்கிறாருன்னா, அவரு சொல்ற பதிலும் நான் நம்புறதாத்தானே இருக்கும்? கூப்பிட்டேன்னுதான் சொல்லப் போறாரு."

"அப்போ கேக்காத," என்றேன்.

"கேக்காம எப்படிக்கா இருக்கறது? முடியலைக்கா," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஏதோ விழா. காகிதப்பூவும் கேக்கும் தரையெல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. சுரண்டிச் சுரண்டி எங்களுக்கு இடுப்பு விட்டுப்போனது. எல்லம்மா வீட்டுக்கு வந்து சோறுகூடத் தின்னாமல் படுத்துவிட்டாள். ஐந்தரைக்கு நான் டீயை எடுத்துக்கொண்டு போனபோது பாயில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டுட்டியா?"

"இல்லக்கா."

"கலைஞ்சிடுச்சா?"

"நல்லா நின்னுச்சு. கிட்டப் போய், 'என்னங்க'ன்னு கூப்பிட்டேன். என்னைப் பாத்துட்டு, கட்டில்ல கொஞ்சம் ஒதுங்கி எடம் விட்டாரு. எனக்கு அவ்ளோ அசதி. கேக்கணும் கேக்கணும்னுதான் இருந்துச்சு, காலு நிக்கலை. அவரு பக்கத்துல படுத்துட்டேன். அங்கயும் தூங்கிட்டேன்க்கா."

அடிப்பாவி என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "அவரு ஒண்ணும் சொல்லலையா? எழுப்பலையா?"

"எழுப்பலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போர்வையை இழுத்து எனக்குப் போத்திவிட்டாரு. தூக்கத்துலயே தெரிஞ்சுது."