ஆயுத பூஜைக்குக் கழுவிய கோழிக்கொட்டாய்

காய்ந்த கடலைத்தோலும் குஞ்சுகளின் வெதுவெதுப்பும் கலந்த ஒரு மணம் உண்டு. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வடநாட்டுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வண்டியை விட்டு இறங்கி, அம்மாவோடு சேர்ந்து போட்ட கோழிக் "கொட்டாய்" எங்களுடையது. முதல் "பேட்ச்" தேறாவிட்டால் அவர் மறுபடியும் லாரி ஏறிவிடுவார், மாதக்கணக்கில் முகம் பார்க்க முடியாது என்பதால், அந்தக் குஞ்சுகளுக்காக நான் கும்பிடாத சாமியில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குத் தண்ணீர் படாத வண்டியே இருக்காது. லாரி கழுவிப் பழகிய கை சும்மா இருக்குமா? அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கொட்டாயின் தூண், கம்பிவலை எல்லாவற்றிலும் ஹோஸ் பிடித்து அடித்து, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார் அப்பா. தரையில் விரித்திருந்த கடலைத்தோல் ஓரமெல்லாம் ஊறிப்போனது.

"ஏனுங்க, இதென்ன லாரிங்களா?" என்றாள் அம்மா. அன்றே ஈரத்தை அள்ளத் தொடங்கினாள். மழை பிடித்துக்கொண்டதால் முழுதும் காயவில்லை.

அடுத்த வாரம் குஞ்சுகள் இறக்கை தொங்கிக் குறுகி நின்றன, எச்சத்தில் ரத்தம். "ரத்தக் கழிச்சல்" என்றார் கால்நடை மருத்துவர். செத்த குஞ்சொன்றைக் கீறிப் பார்த்து, ஈரத்தில் வீரியம் பிடிக்கும் புரோட்டோசோவா என்ற ஒற்றைச்செல் உயிர்தான் குடலை அரிக்கிறது என்றார். பிறகு வெளியே கட்டியிருந்த மேச்சேரி இனச் செம்மறி ஆட்டைக் காட்டி, "இதோட பங்காளிங்க அந்த ஆட்டு வயித்துல இருக்குதுங்க. சோளத்தட்டு செரிக்கறதுக்கு அதுங்களும் ஒத்தாசை" என்றார்.

"பங்காளின்னா அப்படித்தானுங்க. ஒருத்தன் கை குடுப்பான், ஒருத்தன் குடியக் கெடுப்பான்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

குடிதண்ணீரில் மருந்து கலந்து வைத்தாள். கட்டிதட்டிய தோலை அப்பா வாரிக் கொட்ட, காய்ந்த புதுத் தோலை அவள் விரித்தாள். அடிக்கடி ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பாள். உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் சரி. சில குஞ்சுகள் போயின. மற்றவை தலை நிமிர்ந்து தீவனம் கொத்திய காலையில், அப்பா லாரி முதலாளிக்குப் போன் போட்டு, "நான் வரலீங்க" என்றார். கண்ணுக்கே தெரியாத ஒன்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் என் அம்மா என்று பள்ளிக்கூடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நான் இப்போது விலங்கியல் நடத்துகிறேன்; புரோட்டோசோவா பாடத்தைப் பங்காளிக் கதையில்தான் தொடங்குவேன். எங்கள் பண்ணையில் குஞ்சுகளும் கூண்டுக்குப் போய்விட்டன. கடலைத்தோலும் இல்லை, அந்த மணமும் இல்லை. ஆயுத பூஜையன்று அப்பா மட்டும் இன்னும் ஹோஸைக் கையில் எடுக்கிறார். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். அவர் போய் மொபெட்டைக் கழுவுவார். லாரியை விட்ட அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.