மெலே முகம் திருப்பிய கிணற்றடி

கெல்லுவை ராங்கிக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரண்மனைக்குக் கம்பு இடித்து, கூழ் காய்ச்சி அவள் கை காய்த்துப்போனதைப் பக்கத்தில் நின்று உலக்கை போட்டுப் பார்த்தவள் நான்.

எங்கள் கானெம் நாட்டில் மன்னர் சாப்பிடுவதை ஒருவரும் பார்க்கக் கூடாது. பேசுவதுகூடத் திரைக்குப் பின்னாலிருந்துதான். கெல்லுவின் ஒரே மகன் மெலே அந்தத் திரையைப் பிடிப்பவன். மன்னர் வாயில் உணவு பட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் முடிக்கும்வரை தானும் எதையும் தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே பழகிப்போன பழக்கம்.

அந்தப் பாழாய்ப்போன வருஷம், மன்னரின் சித்தப்பா மகன் அரியணைக்கு ஆசைப்பட்டுக் கிழக்கேயிருந்து புலாலா இனத்தார் படையைக் கூட்டிவந்தான். தலைநகரம் எரிந்தது. மன்னர் யாரோ ஒரு குதிரைக்காரன் உடுப்பில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடினார். எங்களையெல்லாம் ஒரு கிணற்றடியில் வளைத்துப் பிடித்துவிட்டார்கள்.

"உங்கள்ல மன்னன் எவன்டா?" என்றான் படைத்தலைவன்.

யாருக்குத் தெரியும்? அந்த முகத்தைப் பார்த்தவன் மெலே ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

படைத்தலைவன் லேசுப்பட்டவன் இல்லை, எங்கள் வழக்கம் அவனுக்குத் தெரிந்திருந்தது. கெல்லுவையே கூழ் காய்ச்சச் சொன்னான். ஆண்களை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தான்.

"குடிங்கடா. எவன் குடிக்க மாட்டேங்கிறான்னு பாக்குறேன்."

எல்லாரும் குடித்தார்கள். மன்னரும் குடித்தார், அவர் எவர் என்று தெரியாத எங்கள் எல்லார் கண் முன்னாலும். அவர் வாயில் கூழ் பட்டதும் மெலேயின் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. அவன் கிண்ணம் அப்படியே இருந்தது.

"ஆள் சிக்கிட்டான்," என்றான் படைத்தலைவன்.

கெல்லு விழுந்தடித்து ஓடினாள். "ஐயா, அவன் என் வயித்துல பொறந்தவன்யா. மரியாதைக்கு மூஞ்சியத் திருப்பினான்யா."

"அரண்மனை உப்பத் தின்னவ வேற எப்படிப் பேசுவ?"

அவள் வரிசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னா, இங்கதான் இருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

குரல் கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். குரல் வரவில்லை. மெலேதான் பேசினான்: "சும்மா இரும்மா."

அந்தக் கிணற்றடியிலேயே அவனை வெட்டினார்கள். எங்களை விட்டுவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து மேற்கே புது ஊரில் மன்னர் மறுபடி கொலுவிருந்தார். புதுத் திரை, அதைப் பிடிக்கப் புது ஆள். கூழ் காய்ச்சக் கெல்லுவைக் கூப்பிட்டு அனுப்பினார். போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போனாள். நானும் கூடப் போனேன். கூழைக் காய்ச்சி அவளே ஏந்திக்கொண்டு நேராகத் திரையை விலக்கி உள்ளே போய், அவர் முன்னால் வைத்தாள்.

"திரை எதுக்கு மன்னா? அன்னைக்கு எங்க எல்லார் எதிர்லயும் குடிச்சீங்களே. குடிங்க, பாக்குறேன்."

திரை பிடித்தவன் பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெல்லு திருப்பவில்லை. கூழ் ஆறி ஆடை படியும்வரை அங்கேயே நின்றாள். மன்னர் கிண்ணத்தைத் தொடவே இல்லை.