ஜமீலாம்மா வண்ணம் தீட்டாத பக்கம்

ஜமீலாம்மா தவறிவிட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பீங்கான் பட்டறைக்கு வந்தது. அச்சிலிருந்து எடுத்த யானைப் பொம்மைகளின் பிசிறை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் செல்வி அக்கா வாசலில் நின்றபடியே, "ஏ வள்ளி, கதைக்காரம்மா போயிட்டாங்களாம்டி" என்றார். கையிலிருந்த யானையைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. அதன் காது என் விரலுக்குள் நசுங்கிப்போனது.

அவர் குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைந்தவர் என்பது, அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கதையையும் எங்கள் பட்டறையில் டீ நேரத்தில் வாசித்துக் காட்டுவார் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். "நல்லா இருக்குதுன்னு யாரும் சொல்லாதீங்க. எங்க கொட்டாவி வந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்பார். யாராவது கொட்டாவி விட்டால் அந்த வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒருநாள் செல்வி அக்கா, "புள்ளைக்கு ஜொரம், நான் தூங்கவே இல்லம்மா. அதுக்குப் போயி கதைய வெட்டிடாதீங்க" என்று கெஞ்சினார். "ஒன் தூக்கத்தக் கலைக்காத கதை எதுக்குடி?" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பத்தியை அடித்துவிட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். எனக்கு மட்டும் முகத்தைப் பார்த்தே புள்ளி வைப்பார்.

அவருடைய கடைசிப் புத்தகம் எங்கள் பட்டறையைப் பற்றியது. ஒரு யானைப் பொம்மை நீலமாகும் கதை. ஒரு திங்கட்கிழமை என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லாப் படங்களையும் கட்டிலில் பரப்பிக் காட்டினார். மூன்று படங்களில் பொம்மையை வாளியில் முக்கும் காட்சி இருந்தது. வாளி நிறைய நீலம். பொம்மைக்குப் பளபளப்பான மேற்பூச்சாகும் எங்கள் கிளேஸ் கலவை வாளியில் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். சூளையில் வெந்த பிறகுதான் நீலமாகும். எங்கள் பட்டறைப் பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அவருக்கு அப்போதே உடம்பு முடியவில்லை. தூரிகை பிடித்தால் கை நடுங்கியது. மறுபடி வரையுங்கள் என்று எப்படிச் சொல்வது? "நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை, மறுநாள் படங்கள் சென்னைப் பதிப்பகத்துக்குப் போகின்றன என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போகும் கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸை விட்டுவிட்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்று வாளியின் நிறத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த வாளிப் படத்தை எடுத்துப் பார்த்தார்.

"எப்ப பாத்த?"

"போன திங்கக்கெழமயேம்மா."

"ஒரு வாரமா மனசுலயே வச்சிருந்தியா? வாளி என் தப்பு. அந்த ஒரு வாரம் ஒன் தப்பு."

கோபம் அவ்வளவுதான். மறுநாள் ஆட்டோவில் பட்டறைக்கு வந்து, வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்து, அதைத் துப்பட்டா முனையில் துடைத்துக்கொண்டு போனார். மூன்று படங்களையும் மறுபடி வரைந்தார். சூளை திறக்கும் கடைசிப் படத்தையும் மாற்றத் தொடங்கினார். "இப்பதான்டி சூளையத் தொறக்கறதுக்கு ஒரு அர்த்தம் இருக்குது" என்றார். அந்தப் பக்கத்துக்குப் பென்சில் கோடு போட்டு முடித்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

வேறு ஒருவரை வைத்து வண்ணம் தீட்டலாமா என்று பதிப்பகத்தார் கேட்டார்களாம். துபாயிலிருந்து வந்திருந்த அவர் மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புத்தகம் அப்படியே வரப்போகிறது. கடைசிப் பக்கத்தில் சூளை திறந்திருக்கும். யானை வெறும் கோடாக நிற்கும்.

முதல் நாளே நான் சொல்லியிருந்தால் அது நீலமாகியிருக்கும். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைக்க முடியவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது, நான் வீணாக்கிய அந்த ஒரு வாரம்தான்.

நேற்றுப் புது அச்சு ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. எல்லோரும் இருக்கும்போதே முதலாளியிடம் சொன்னேன்.